உஷார்! காய்ச்சல் விட்ட நாள்தான் கண்டம்

"பிள்ளை இண்டைக்கு நல்ல உசார்."

மாரி தொடங்கினால் நல்லூர் ஒழுங்கைகளில் இந்த வசனம் அடிக்கடி காதில் விழும். மூன்று நாள் காய்ச்சலில் துவண்டு கிடந்த பிள்ளை நாலாம் நாள் காலையில் எழும்பி உட்கார்ந்திருக்கும். நெற்றியில் கை வைத்தால் சூடு இல்லை. தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி. மேசையில் இருக்கும் சின்னப் போத்தலைக் காட்டி, "இந்தச் சீனிக் குளிசைதான் காய்ச்சலை எடுத்தது" என்பாள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவள் அந்த மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு போவாள்.

அந்த வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. எங்கள் பேச்சில் உசார் என்றால் தெம்பு. கடலுக்கு அக்கரையில் உஷார் என்றால் எச்சரிக்கை. பிள்ளை நம்முடைய உசாருக்கு வந்த அந்தக் காலையில், பெற்றவர்கள் அக்கரை உஷாரில் இருக்க வேண்டும். வந்தது வெறும் தடிமன் காய்ச்சலாக இருந்தால் ஒன்றும் இல்லை. டெங்குவாக இருந்தால், சூடு இறங்கும் அந்த நேரத்தில்தான் கண்டம் தொடங்குகிறது.

டெங்கு இப்படித்தான் நடக்கும். முதல் இரண்டு மூன்று நாள் கடும் காய்ச்சல், தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ, உடம்பு முறிகிற மாதிரி உளைவு. பார்த்தால் சாதாரண காய்ச்சல்தான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும். பலருக்கு அத்தோடு வருத்தம் முடிந்துவிடும். சிலருக்கு அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறி நெஞ்சுக் குழியிலும் வயிற்றுக் குழியிலும் போய்த் தேங்கும். உள்ளே மிஞ்சும் இரத்தம் தடிக்கும். நாடித்துடிப்பு வேகமாகும், கைகால் குளிரும், சலம் குறையும். இந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கலாம். ஆஸ்பத்திரியில் மணிக்கு மணி அளந்து திரவம் கொடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் "காய்ச்சல் விட்டிட்டுது" என்று தலைக்குத் தண்ணீர் வார்த்து, சோறு கொடுத்துப் படுக்க வைத்தால், அந்த மணித்தியாலங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

என் தங்கையின் மகனுக்கு நடந்தது இது. சில மாரிகளுக்கு முன் அவனுக்கு ஒன்பது வயது. ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் காய்ச்சலோடு வந்தான். ஊரெல்லாம் தடிமனும் இருமலும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பலரும் நம்பிப் போகிற ஓமியோபதிக்காரர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். அரை மணித்தியாலம் இருந்து கேள்வி கேட்டார். பிள்ளை தண்ணீர் கேட்கிறானா, வேண்டாம் என்கிறானா, போர்வையை இழுக்கிறானா, உதறுகிறானா, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறான் என்றெல்லாம் விசாரித்துவிட்டு இரண்டு போத்தல் கொடுத்தார். வியாழன் இரவு சூடு இறங்கியது. வெள்ளி காலையில் எல்லாருக்கும் சந்தோஷம். மத்தியானம் வயிறு நோகுது என்றான், இரண்டு தரம் சத்தி எடுத்தான். "மருந்து வேலை செய்யுது, கழிவு போகுது" என்று தொலைபேசியில் பதில் வந்தது. பின்னேரம் நான் போனபோது அவன் பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. காலையிலிருந்து சலம் போனானா என்று கேட்டேன். தங்கச்சிக்குத் தெரியவில்லை.

1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட்டோம். அவன் பிழைத்தான். இன்னும் ஐந்து மணித்தியாலம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வார்டில் நின்ற வைத்தியர் எங்களுக்குச் சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தே விளங்கியது.

அந்தச் சீனிக் குளிசை அவனுக்கு விஷமாகவில்லை. அதனால் ஒரு தீங்கும் இல்லை என்றே சொல்லலாம். தீங்கு முழுவதும் நாங்கள் இழந்த நாலு நாளில் இருந்தது. நல்லூர்க் கோயிலடியிலிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு மூன்று கிலோமீற்றர்கூட இல்லை. திங்கட்கிழமை வந்த காய்ச்சலோடு நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை இரவு.

இலங்கையில் இன்புளுவன்சா வருடத்தில் இரண்டு தரம் தலைதூக்கும்: ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஒன்று, நவம்பரிலிருந்து ஜனவரி வரை மற்றது. யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறுவதும் வடகீழ்ப் பருவமழையோடு, அதே நவம்பரிலும் டிசெம்பரிலும் ஜனவரியிலும்தான். வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வருவதும் அதே மாதங்களில். கிணற்றுத் தண்ணீர் கலங்கினால் நெருப்புக்காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். நாலு வருத்தமும் முதல் இரண்டு நாள் ஒரே முகத்தோடு வருகின்றன. காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. வாசலில் நிற்பது யார் என்று அந்த நேரத்தில் பார்த்துச் சொல்ல வைத்தியராலேயே முடியாது. அதனால்தான் அவர் இரத்தம் சோதிக்கச் சொல்கிறார். தடிமனுக்கு என்று விற்கும் எந்த மருந்தும், அது பாரிஸிலிருந்து வந்தாலென்ன, சென்னையிலிருந்து வந்தாலென்ன, வந்திருப்பது தடிமன்தான் என்று நம்மை நம்ப வைத்துவிடுகிறது.

2024 கார்த்திகை கடைசியை நினைத்துப் பாருங்கள். புயலோடு வந்த மழையில் குடாநாடு மிதந்தது. முழங்கால் அளவு தண்ணீருக்குள் நடந்தோம், வயலுக்குள் இறங்கினோம், வெள்ளம் வடிந்த பிறகு வீடு கழுவினோம். டிசெம்பர் பிறந்ததும் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். இருபது வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பத்திரிகைகள் மர்மக் காய்ச்சல் என்று எழுதின. அந்த மாதத்தின் முதற்பாதிக்குள் குறைந்தது 7 பேர் இறந்துபோனார்கள். பருத்தித்துறை, கரவெட்டி, சாவகச்சேரிப் பக்கங்களில் சாவீடு. சோதனை முடிவு வந்தபோது மர்மம் ஒன்றும் இருக்கவில்லை. எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா, எலியின் சலத்தால் வெள்ளத்தில் கலந்து, காலில் இருந்த சின்னக் கீறல் வழியாக உள்ளே போயிருந்தது.

இறந்த அந்த 7 பேரில் எவராவது ஓமியோபதி எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. நான் சொல்வது வேறு. எலிக்காய்ச்சலுக்கு மருந்து இருக்கிறது, விலை குறைந்த அன்ரிபயோட்டிக்தான். நேரத்துக்குக் கொடுத்தால் ஆள் எழும்பி நடப்பார். நேரம் பிந்தினால் சிறுநீரகம் போகும், கண் மஞ்சளாகும், சுவாசப்பைக்குள் இரத்தம் கசியும். அதற்குப் பிறகு நல்ல வைத்தியரும் நல்ல ஆஸ்பத்திரியும் இருந்தும் போதாமல் போகிற சந்தர்ப்பம் உண்டு. "சாதாரண காய்ச்சல்தானே, இரண்டு நாள் பார்ப்பம்" என்கிற பேச்சுக்கு இந்த மண்ணில் மாரி காலத்தில் இடமே இல்லை. அந்த இரண்டு நாளை ஒரு போத்தல் சீனி உருண்டை நாலு நாளாக நீட்டிவிடும் என்பதுதான் என் பயம்.

அந்த உருண்டைக்குள் என்னதான் இருக்கிறது?

ஜேர்மனியில் 1755-ல் பிறந்த சாமுவேல் ஹானிமன் என்ற வைத்தியர் தொடக்கி வைத்த முறை ஓமியோபதி. மலேரியாக் காய்ச்சலுக்குச் சிங்கோனாப் பட்டை கொடுத்துவந்த காலம் அது. 1790-ல் அவர் அந்தப் பட்டையைத் தானே தின்று பார்த்தார். காய்ச்சல் மாதிரியான குணங்கள் தனக்கு வந்ததாக எழுதினார். நல்ல உடம்பில் எது ஒரு நோயின் குணத்தைக் கொண்டுவருமோ அதுவே அந்த நோயைத் தீர்க்கும் என்ற முடிவுக்கு வந்தார். சிங்கோனாப் பட்டை மலேரியாவைத் தீர்த்தது அதற்குள் இருந்த குயினைனால் என்பது பிறகு தெரிந்த சங்கதி. ஆனால் அந்த விதி நிலைத்துவிட்டது. வெங்காயம் உரித்தால் கண்ணும் மூக்கும் ஒழுகும். ஆகவே மூக்கு ஒழுகும் தடிமனுக்கு வெங்காயம். அலியம் சேப்பா என்ற பெயரில் போத்தலில் வருவது அதுதான். கோப்பாய்ச் செம்மண்ணில் வெங்காயம் வைத்துப் பிழைத்த சனத்துக்கு இந்த மருந்தின் மூலம் புதிதல்ல.

ஆனால் வெங்காயம் அதற்குள் இல்லை. ஒரு பங்கு சாற்றை 99 பங்கு தண்ணீரிலோ மதுசாரத்திலோ கலந்து குலுக்குவார்கள். அது ஒரு தரம். அதிலிருந்து ஒரு பங்கு எடுத்து இன்னொரு 99-ல் கலப்பார்கள். அது இரண்டாம் தரம். போத்தலில் 30 என்று போட்டிருந்தால் இப்படி முப்பது தரம் செய்தது என்று அர்த்தம். பன்னிரண்டாம் தரத்திலேயே மூலப் பொருளின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சுமா என்பது சந்தேகம். முப்பதாம் தரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூலத்தின் ஒரே ஒரு மூலக்கூறையாவது சந்திக்க வேண்டுமென்றால், கிட்டத்தட்ட 500 கோடி பூமிகளின் எடையுள்ள தண்ணீரைக் குடித்து முடிக்க வேண்டும். யமுனா ஏரியில் ஒரு துளி பால் விட்ட உவமையெல்லாம் இதற்குப் பக்கத்திலும் வராது. குலுக்கும்போது தண்ணீர் மருந்தை நினைவில் வைத்துக்கொள்கிறது என்கிறார்கள் ஓமியோபதிக்காரர்கள். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் எத்தனை மலகூடக் குழி வழியாகக் கசிந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். தண்ணீருக்கு அப்படி நினைவு இருந்தால் நாம் ஒருவரும் உயிரோடு இருக்க மாட்டோம்.

வெளிநாட்டு உறவுகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது பெட்டிக்குள் கொண்டுவரும் சாமான்களில் காய்ச்சலுக்கான சின்னக் குழாய்களும் இருக்கும். பிரான்சில் மிகப் பிரபலமானது ஒசில்லோகொக்சினம். ஒரு வகைத் தாராவின் ஈரலையும் இருதயத்தையும் மூலமாகக் கொண்டது. 200 தரம் ஐதாக்கியது. முதலாம் உலக யுத்தக் காலத்தில் ஜோசப் றுவா என்ற பிரெஞ்சு வைத்தியர், காய்ச்சல்காரரின் இரத்தத்தில் துடிக்கும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டதாகச் சொல்லி அதற்கு ஒசில்லோகொக்கஸ் என்று பெயர் வைத்தார். அப்படி ஒரு நுண்ணுயிர் இல்லை. இன்புளுவன்சாவைக் கொண்டுவருவது வைரஸ், அவருடைய நுணுக்குக்காட்டிக்கு அது தெரிந்திருக்கவே முடியாது. இல்லாத கிருமிக்காக, இல்லாமல் போகும்வரை ஐதாக்கிய ஈரல். அந்த மருந்தைப் பற்றி நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பு, அது இன்புளுவன்சாவைத் தடுக்கும் என்றோ மாற்றும் என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015-ல் எழுதியது. அதே ஆண்டில் அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிச் சபை 61 நோய்கள் தொடர்பான 176 ஆய்வுகளை எடுத்துப் பார்த்து, ஓமியோபதி பயன் தரும் என்று நம்பத்தக்க சான்றுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்றது. பிரான்ஸ் அரசே 2021 ஜனவரி 1-ம் திகதியிலிருந்து ஓமியோபதி மருந்துக்கான காப்புறுதிப் பணத்தை நிறுத்திவிட்டது. பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் உறவுகளுக்கு இது தெரிந்திருக்கும். பெட்டியில் வருகிற குழாய்கள் இன்னும் நிற்கவில்லை.

2020-ஐயும் மறக்கக் கூடாது. கொரோனா இந்தியாவுக்குள் நுழைந்துகொண்டிருந்த ஜனவரி 29-ம் திகதி, இந்திய ஆயுஷ் அமைச்சு ஆர்செனிக்கம் அல்பம் 30 என்ற ஓமியோபதி மருந்தை மூன்று நாள் வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்லி அறிவித்தது. அது கொரோனாவைத் தடுத்ததற்கு எந்தச் சான்றும் வரவில்லை. சிரிக்க நமக்குத் தகுதி இல்லை. அந்த வருடம் டிசெம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்து என்ற ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கான சனம் முண்டியடித்தது. சுகாதார அமைச்சரே கமெராவுக்கு முன் அதைக் குடித்தார். அடுத்த ஜனவரியில் அவருக்கே கொரோனா தொற்றியது. பயம் வந்தால் மனிதர் எதையும் நம்புவார்கள், எல்லா இடத்திலும்.

சனம் ஏன் அங்கே போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெளிநோயாளர் பிரிவில் மூன்று மணித்தியாலம் நின்றால் இரண்டு நிமிடம் கிடைக்கும். வைத்தியர் முகம் நிமிர்ந்து பார்த்தால் அதிர்ஷ்டம். ஓமியோபதிக்காரர் அரை மணித்தியாலம் இருந்து கேட்கிறார், பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மருந்து இனிக்கிறது, ஊசி இல்லை. தடிமன் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே மாறும் என்பதால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அந்த மருந்து வேலை செய்த மாதிரியே இருக்கும். இலங்கையில் 1970-லேயே ஓமியோபதிக்குச் சட்டம் வந்துவிட்டது, பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அரசாங்கம் ஏற்றுக்கொண்டதுதானே என்று ஆறுதலாக இருக்கிறது. யார் அந்தத் தொழிலைச் செய்யலாம் என்பதைத்தான் சட்டம் சொல்லும். மருந்து நோயை மாற்றுமா என்பதைச் சட்டத்தால் சொல்ல முடியாது.

ஆங்கில மருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் சுத்தம் என்றும் நான் வாதாடப் போவதில்லை. சாதாரண தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் எழுதித் தள்ளும் இடங்கள் உண்டு. தடிமன் வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. அதைவிடப் பயங்கரம், டெங்கு என்று தெரியாமல் காய்ச்சலை வேகமாக இறக்க டைக்குளோபினாக் கொடுப்பது. எனக்கே ஒருமுறை ஓர் இடத்தில் அதைக் குளிசையாக நீட்டினார்கள், நான் வாங்கவில்லை. டெங்குக் காலத்தில் அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபினாக் மூன்றும் இரத்தக் கசிவைக் கூட்டும். குழந்தைகளுக்கு அவற்றை மலவாசலால் வைக்கும் மருந்தாகவும் கொடுக்கிறார்கள், அதையும் மறுத்துவிடுங்கள். பனடோல் ஒன்றே போதும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டாமல். பிள்ளைகளுக்கு நிறைக்கு ஏற்ப வைத்தியரோ மருந்தாளரோ சொல்லும் அளவு.

பெட்டியில் வரும் மருந்து விஷயத்தில் இன்னும் ஒன்று. 2025 செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்துப் பிள்ளைகள் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காரணம், தடிமனுக்கும் இருமலுக்கும் கொடுத்த கோல்ட்ரிப் என்ற பாணி. செய்தது தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை. அந்தத் தொகுதியில் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற தொழிற்சாலை இரசாயனம் கிட்டத்தட்டச் சரிபாதி இருந்ததைச் சோதனை காட்டியது. பிள்ளைகளின் சிறுநீரகம் நின்றுபோனது. சென்னைக்குப் போய்வருகிறவர்களிடம் "அங்கத்தைய இருமல் மருந்து நல்லம், ரெண்டு போத்தல் வாங்கியாங்கோ" என்று சொல்லிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து விடுங்கள். சின்னப் பிள்ளையின் இருமலுக்குப் பாணியே தேவைப்படுவது அபூர்வம்.

ஓமியோபதி என்றால் பக்கவிளைவே இல்லை என்பதையும் நம்பி ஏமாற வேண்டாம். எல்லாமே முப்பது தரம் ஐதாக்கியவை அல்ல. அமெரிக்காவில் ஓமியோபதி என்ற பெயரோடு விற்ற சிக்காம் என்ற தடிமன் ஜெல்லை மூக்குக்குள் போட்டவர்களில் 130 பேருக்கு மேல் வாசனை உணர்வை இழந்ததாக முறையிட்டார்கள். அதில் துத்தநாகம் உண்மையாகவே இருந்தது. 2009-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைப் பாவிக்க வேண்டாம் என்றது. குழந்தைக்குப் பல் முளைக்கும்போது கொடுக்கும் ஓமியோபதிக் குளிசைகள் சிலவற்றில் பெலடோனா என்ற நச்சுப் பூண்டின் சத்து குளிசைக்குக் குளிசை அளவு மாறி இருந்ததை 2017-ல் அதே நிர்வாகம் கண்டுபிடித்தது. திரவமாக வரும் பல ஓமியோபதி மருந்துகளில் மதுசாரம் இருக்கிறது. கைக்குழந்தைக்குச் சொட்டு விடுமுன் லேபிளைப் படியுங்கள்.

கொத்தமல்லி அவித்துக் குடிப்பது, இஞ்சித் தேத்தண்ணி, நொச்சியிலை போட்டு வேது பிடிப்பது, மிளகு ரசம் எல்லாம் எனக்கும் பிடிக்கும். அம்மம்மா தந்த கொத்தமல்லிக் குடிநீரின் வாசனை இன்றும் மூக்கில் நிற்கிறது. தொண்டைக்கு இதம், மூக்கடைப்பு இளகும், உடம்புக்குத் திரவம் சேரும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் கொதிதண்ணீர்ச் சட்டியைப் பக்கத்தில் வைக்காதீர்கள், வேதுச் சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகள் உண்டு. அம்மம்மா குடிநீர் தந்துவிட்டு ஒவ்வொரு மணித்தியாலமும் வந்து தொட்டுப் பார்த்தாள். குடிநீரைக் காட்டி அவள் நிம்மதியாக நித்திரைக்குப் போகவில்லை. சீனிக் குளிசை கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் சொன்னாலும் கொடுங்கள், அதற்காகச் சண்டை பிடிக்க மாட்டேன். இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான். எலும்பு முறிக்கிற காய்ச்சலுக்கு யூப்பற்றோரியம் இருக்கிறது, டெங்குவுக்கே ஓமியோபதியில் மருந்து உண்டு என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு உடனே எழும்புங்கள். பப்பாசி இலைச் சாறும் அப்படித்தான். கசிந்து போகும் திரவத்தை அளந்து திருப்பி ஏற்றுவதற்கு வேறு எதுவும் ஈடாகாது.

2017-ல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு. 400 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் பலருக்கும் முதல் நாள் வந்தது "சும்மா காய்ச்சல்" ஆகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே இந்த மாரியில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் தொடங்கினால், அந்தத் திகதியையும் நேரத்தையும் சுவரில் தொங்கும் கலண்டரிலேயே எழுதுங்கள். தங்கச்சியின் மகனை அன்றைக்கு வார்டில் சேர்த்தபோது வைத்தியர் முதலில் கேட்டது "எத்தனையாம் நாள்?" என்பதைத்தான். ஒருவர் நாலு என்றார், ஒருவர் ஐந்து என்றார். மூன்றாம் நாளைத் தாண்டாமல் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வைத்தியர் சொன்னால் அடுத்த நாளும் செய்யுங்கள். முதல் நாள் பிளேட்லெட் சரியாக இருந்தது என்று அந்தத் துண்டை அலுமாரியில் வைத்துவிடாதீர்கள், நாலாம் நாள் அது சரேலென இறங்கலாம். ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் வார்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, கர்ப்பிணித் தாய், சலரோகம், இருதய வருத்தம் உள்ளவர், வயது போனவர் என்றால் மூன்றாம் நாளுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

குடிக்கக் கொடுங்கள். கஞ்சி, இளநீர், ஜீவனி, பழச்சாறு, சூப். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் அளவில். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். நெக்டோவும் பீற்றூட்டும் கொடுத்த பிள்ளை சத்தி எடுத்தால் அது இரத்தமா சாயமா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஒரு கொப்பியில் எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தது, எத்தனை மணிக்குச் சலம் போனது என்று குறியுங்கள். ஆறு மணித்தியாலம் சலம் போகவில்லை என்றால் அதற்கு மேல் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தொடர்ந்து சத்தி, வயிற்று நோ, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், கைகால் குளிர்வது, தலைசுற்று, காரணமில்லாத அந்தரமும் எரிச்சலும், மந்தமாகக் கிடப்பது, இதில் எது வந்தாலும் போங்கள். காய்ச்சல் விட்டிருந்தால் இன்னும் வேகமாகப் போங்கள்.

வெள்ளத்தில் நடந்தவர்களும் வயலில் இறங்கியவர்களும் அதை வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் வெளிப்பட இரண்டு நாளும் எடுக்கலாம், நாலு கிழமையும் எடுக்கலாம். கெண்டைக்கால் தசை தொட்டாலே நோவதும் கண் சிவப்பதும் அதன் அடையாளம். வயலுக்கு இறங்குமுன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதார பரிசோதகரிடமோ போய் டொக்சிசைக்கிளின் கேளுங்கள். கிழமைக்கு ஒருமுறை எடுக்கிற தடுப்பு மருந்து, காசு இல்லை. கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் அவர்கள் சொல்லாமல் அதை எடுக்கக் கூடாது.

உண்மையாகவே இன்புளுவன்சாவாக இருந்தாலும் வயது போனவருக்கும் கர்ப்பிணிக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் அது விளையாட்டல்ல. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ விட்ட காய்ச்சல் திரும்பி ஏறினாலோ அதுவும் ஆஸ்பத்திரிக் காய்ச்சல்தான். ஓமியோபதியில் இன்புளுவன்சாவுக்கு மருத்துவம் பார்ப்பதைத் தான் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. மலேரியா, கசம், எயிட்ஸ், குழந்தைகளின் வயிற்றோட்டம் ஆகியவற்றோடு சேர்த்துச் சொன்னது.

1847-ல் கடல் கடந்து வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு ஆயிரக்கணக்கான பக்க மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார், தமிழிலேயே மாணவர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன் இந்தக் குடாநாட்டில் வைத்தியம் தமிழில் பேசியது. இன்றைக்கு ஆஸ்பத்திரித் துண்டில் இருப்பது என்ன என்று விளங்காமல் சனம் திரும்பி வருகிறது. விளங்கும்வரை கேளுங்கள். பிளேட்லெட் எவ்வளவு, நேற்றைவிடக் கூடவா குறைவா, அடுத்த சோதனை எப்போது, எந்தக் குணம் வந்தால் திரும்பி வர வேண்டும். இந்த நாலையும் கேட்காமல் கதிரையை விட்டு எழும்ப வேண்டாம். வைத்தியர் சினந்தாலும் பரவாயில்லை.

இன்றைக்குப் பின்னேரம் மழை விட்டதும் வளவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நுளம்பு பெருகத் தண்ணீர் தேங்கும் இடங்களைப் பாருங்கள்: சிரட்டை, யோகட் கப், கூரைப் பீலி, ஒருவரும் இல்லாத பக்கத்து வளவின் கிணற்றடித் தொட்டி. உரிமையாளர் கனடாவில் என்றால் அவருக்கு ஒரு வட்ஸ்அப் போடுங்கள், அவரும் கேட்டுக்கொள்வார். உள்ளே வந்து கலண்டரைப் பாருங்கள். காய்ச்சல் நாளை எழுதி வைத்திருந்தால் எண்ணிப் பாருங்கள். மூன்று கடந்திருந்து, பிள்ளை உசாராக இருந்தால், அவன் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். கடைசியாக எப்போது சலம் போனான் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் விடியும்வரை நிற்க வேண்டாம். 1990-க்கு அடியுங்கள். இரவிலும் வருவார்கள், காசு கேட்க மாட்டார்கள்.